சுட்ட தக்காளியும் புதுப் பாற்கட்டியும்



தை பிறந்து மாசி முடியும் வரையில் வடநாட்டுச் சந்தைகளில் தக்காளிக்குக் குறைவே இல்லை. தில்லியானாலும் லக்னோவானாலும் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் செக்கச் செவேலென்று குவிந்து கிடக்கும். அதே தக்காளி ஆடி மாதத்தில் எட்டாக்கனியாகிவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோது, மத்திய அரசே கூட்டுறவு அமைப்புகளின் வாயிலாகத் தலைநகரில் வண்டிகளில் வைத்துச் சலுகை விலைக்கு விற்க நேர்ந்தது. அந்தச் சலுகை விலையே முதலில் கிலோ 90 ரூபாய். மலிந்த காலத்தில் தக்காளியைப் பயன்படுத்திக்கொள்ள நமக்குத் தெரிந்த வழிகள் தொக்கு, ரசம், சட்னி ஆகியவை. இவற்றோடு சேர்த்துக்கொள்ளத் தக்க மற்றொன்றை இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். தக்காளியைச் சுட்டு, வீட்டிலேயே திரட்டிய மென்மையான பாற்கட்டியோடு கூட்டி, வாட்டிய ரொட்டித் துண்டின்மேல் வைத்துச் சாப்பாட்டுக்கு முன்னால் பரிமாறும் சிற்றுண்டி அது.

சாப்பாட்டுக்கு முன்னால் பரிமாறுவது என்று சுற்றி வளைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். 'அப்பெடைசர்' என்னும் சொல்லுக்குப் பசியூட்டி என்றும் பசிதூண்டி என்றும் எழுதிப் பார்த்திருக்கிறேன். எழுதிய மறுகணமே மருந்துக் கடைப் புட்டி ஒன்று கண்முன் வந்து நிற்கிறது! நம் இலைச் சாப்பாட்டில் முதற்பந்தி உணவு, இடைப்பந்தி உணவு என்ற பிரிவினை கிடையாது. உப்பும் ஊறுகாயும் பச்சடியும் முதலிலேயே இலையில் இடம்பெற்று, கடைசி மோர் வரையில் உடன் இருக்கும். இத்தாலியரோ இதற்கென ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். 'ஆன்டிபாஸ்தோ' என்பது அது. உணவுக்கு முன்னது என்பதே அதன் பொருள். பாஸ்தா என்னும் மாவுப் பண்டத்துக்கு முன்னது என்று சிலர் பொருள் கொள்வது சரியன்று.

நான் சொல்ல வந்த சிற்றுண்டியும் இத்தாலிக்கு உரியதே. அந்நாட்டு உழவர்கள், உலர்ந்து கடினப்பட்ட ரொட்டியைக் கனலில் வாட்டி, வெள்ளைப்பூண்டைத் தேய்த்து, அவ்வாண்டு பிழிந்த ஒலிவ எண்ணெயை ஊற்றி உண்டு வந்தனர். 'ப்ருஸ்கெத்தா' என்னும் பெயர் கனலில் வாட்டுதல் என்ற வினையடியாகப் பிறந்தது. அதனினும் சிறிய, மெல்லிய துண்டுகளுக்குக் 'க்ரோஸ்தீனி' என்று பெயர். சிறு பொருக்குகள் என்று பொருள் சொல்லலாம். அதன்மேல் அவர்கள் தடவும் மென்மையான பாற்கட்டிகளுள் ஒன்று 'ரிக்கோத்தா'. அச்சொல்லுக்கு மீண்டும் சமைத்தது என்று பொருள். பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரைச் சற்றுப் புளிப்பேற்றி மறுபடி சூடாக்கினால், அதில் கரைந்து நின்ற புரதம் வெண்துகள்களாகத் திரண்டு மிதக்கும். அதை வடித்தெடுப்பதே ரிக்கோத்தா. ரோமாபுரியைச் சூழ்ந்த பகுதியில் ஆட்டுப் பாலிலும், நேப்பிள்ஸ் நகரம் அமைந்த கம்பானியாவில் எருமைப் பாலிலும் இது செய்யப்படுகிறது.

தக்காளி அந்நாட்டுக்கும் வந்தேறியே. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அந்த விருந்தாளியை ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த பழைய உறவைச் சொல்லி அழைத்தது. வங்காளத்தார் விலாதி பேகுன், அதாவது சீமைக் கத்தரிக்காய் என்றனர். நம்மவரோ மணத்தக்காளி போன்ற சிறு கனிகளுக்கு வழங்கிய பெயரோடு சீமை என்பதைச் சேர்த்துச் சீமைத் தக்காளி என்றனர். பின்னர்ச் சீமை உதிர்ந்தது. தக்காளி நம்முடையதாகவே ஆகிவிட்டது. இன்று உலகில் சீனத்துக்கு அடுத்தபடியாகத் தக்காளி விளைவிக்கும் நாடு இந்தியாவே.

இனிப் பாற்கட்டிக்கு வருவோம். 'சீஸ்' என்பதற்குப் பாலாடைக்கட்டி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாலாடை என்பது காய்ந்த பாலின்மேல் படியும் ஏடு; குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கலத்துக்கும் அதே பெயர். பாற்கட்டி ஏட்டினாற் செய்யப்படுவதன்று. பாலையே திரித்து எடுப்பது. அந்தத் திரித்தல் என்னும் இடத்தில்தான் நம் வீடுகளில் தடை எழுகிறது.

பால் திரிவது நமக்கு நட்டம், பலருக்கு அபசகுனமும்கூட. புதுமனை புகும்போது பால் பொங்குவதைக் கண்டு மகிழும் நாம், வேண்டுமென்றே நல்ல பாலில் எலுமிச்சஞ்சாற்றை ஊற்ற மனம் ஒப்புவதில்லை. ஆனால் திரண்ட பால் நமக்கு முற்றிலும் அன்னியமானதும் அன்று. கன்று ஈன்ற சில நாட்களில் கறக்கும் சீம்பாலை ஆவியில் வைத்துக் கட்டியாக்கி உண்டவர்கள் நாம். திரட்டுப்பால் கிளறும்போது மணல்போலத் திரள வேண்டும் என்று ஒரு கரண்டி தயிரை விடும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. வங்காளத்திலும் ஒடிசாவிலும் திரிந்த பாலாகிய சானாவே இனிப்பு வகைகளுக்கு அடித்தளம். பால் திரிக்கும் கலையை வங்காளத்தார் போர்த்துக்கீசியரிடம் கற்றனர் என்பர் சிலர். அதை மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், ரசகுல்லா எம்முடையது என்று இரு மாநிலங்களும் வாதாடி, புவிசார் குறியீட்டை வங்காளம் 2017-லும் ஒடிசா 2019-லும் தனித்தனியே பெற்றன. திரிந்த பாலுக்கு இத்தனை பெருமை!

இரண்டாண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிய என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தில்லியின் மார்கழிக் குளிர் அவரது பசியைக் கொண்டுபோய்விட்டது. சோற்றைப் பிசைந்து இரண்டு கவளம் உண்பார். போதும் என்று கையை உதறிவிடுவார். உடல் இளைத்துக்கொண்டே வந்தது. மருத்துவர், முதியோருக்குப் புரதம் குறையலாகாது, சிறு சிறு அளவாகவேனும் கொடுங்கள் என்றார். பருப்பு வயிற்றில் பொருமுகிறது என்றார் தாயார். அப்போது அடுத்த வீட்டு வங்காள அம்மையார், வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த சானாவிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். "பால் திரிஞ்சு போயிடுத்தா? பாவம், எறிய மனசில்லாம கொடுத்துட்டாளா?" என்று என் காதருகே கேட்டார் தாயார். நான் அதில் உப்பும் மிளகுப் பொடியும் தூவி, சுட்ட தக்காளியை மேலே வைத்து, வாட்டிய ரொட்டியோடு கொடுத்தேன். ஒரு துண்டு உண்டபின், "புளிப்பா நன்னா இருக்கு" என்று மற்றொரு துண்டுக்குக் கை நீட்டினார். மறுவாரம் பால் திரிக்கும்போது துணியைப் பிடித்துக்கொள்ள அவரே வந்து நின்றார். குளிர் காலம் முழுவதும், வாரத்துக்கு மூன்று நாள் அவருடைய மாலைச் சிற்றுண்டி இதுவாகவே இருந்தது.

செய்முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு ஒரு லிட்டர் பாலும் அரைக் கிலோ தக்காளியும் போதும்.

பாலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே வேறுபாடு தொடங்குகிறது. பசும்பால் மென்மையாகத் திரளும். எருமைப்பால் கெட்டியாகவும் நறநறவென்றும் திரளும். வடநாட்டில் எருமைப்பாலே பெரிதும் கிடைப்பதால், அதில் கால் பங்கு தண்ணீர் கலந்து காய்ச்சினால் கட்டி மென்மைப்படும். பால்காரர் முன்னமேயே கலந்து கொடுத்திருந்தால் நாம் மறுபடி கலக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொட்டலப் பால் வாங்குவோர், 6 விழுக்காடு கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பாலை வாங்குவது நன்று. 3 விழுக்காடே கொழுப்புள்ள 'டோண்டு' பாலிலும் திரட்டலாம். கட்டி சற்று வறண்டிருக்கும், அளவும் குறையும். நெடுநாள் கெடாதபடி மிகு வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால் சரியாகத் திரளாது, அதை விட்டுவிடுக.

பாலை அடிகனத்த பாத்திரத்தில் ஒருமுறை நன்கு பொங்கக் காய்ச்சுக. கறந்த பாலானால் இதில் சிறிதும் சலுகை கூடாது. பச்சைப் பாலில் செய்த மென்மையான பாற்கட்டியால் வரும் கிருமித் தொற்று, கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் பெருங்கேடு விளைக்க வல்லது. பொங்கியபின் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுக. கொதிக்கும்போதே புளிப்பைச் சேர்த்தால் கட்டி இறுகிப்போகும். ஏறத்தாழ 80 பாகைச் சூடே ஏற்றது. இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாற்றை அதே அளவு வெந்நீரில் கலந்து, சிறிது சிறிதாக விட்டு, மெல்லத் துழாவுக. புளிப்பு நேராகப் போவதைவிட நீர்த்துப் போனால் கட்டி மென்மையாகும். வெண்துகள்கள் பிரிந்து, நீர் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நீர் பால்போலக் கலங்கியே இருந்தால் இன்னும் ஒரு கரண்டி சாறு தேவை.

இங்கே நிகழ்வது என்னவெனின், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத் துகள்கள் தம்முள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பவை. புளிப்பு அந்த விலக்கத்தை நீக்குகிறது. அவை ஒட்டித் திரண்டு, கொழுப்பையும் தம்மோடு சிறைப்பிடித்துக்கொள்கின்றன. சூட்டினால் இயல்பு மாறிய தெளிநீர்ப் புரதமும் பெரும்பகுதி அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, இத்தாலியர் இரண்டு முறை காய்ச்சி எடுக்கும் பொருளில் ஒரு கூறு நமக்கு ஒரே முறையில் கிட்டுகிறது எனலாம்.

ஈரத் துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீர் ஒரு குவளை ஊற்றி அலசி, தொங்கவிடுக. கால் மணி நேரம் போதும். ஒரு மணி நேரம் தொங்கவிட்டு மேலே பாரமும் வைத்தால் அது பன்னீராகிவிடும். நமக்கு வேண்டியது தடவும் பதம். பிறகு கால் தேக்கரண்டி உப்பும், ஒரு மேசைக்கரண்டி ஏட்டுப் பாலோ தண்ணீர் வடித்த தயிரோ சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டில் தேய்த்துப் பிசைய வேண்டும். நறநறப்பு மறைந்து வெண்ணெய்போலக் குழைந்து வரும் வரையில் பிசைய ஐந்து நிமிடம் ஆகும். இதில் சோம்பினால் பண்டம் சிறக்காது. ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் ஏறத்தாழ 200 கிராம் கிடைக்கும். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையவோ, ரசம் விளாவவோ வைத்துக்கொள்க.

கடையில் பன்னீர் கிடைக்கும்போது இத்தனை உழைப்பு ஏன் என்று கேட்கலாம். பாற்கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் போன்ற மலிவான கொழுப்பைச் சேர்த்துப் பன்னீர் என்று விற்பதை அதிகாரிகள் கைப்பற்றும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. எங்கள் குடியிருப்புக்கு அருகே ஒரு கடையில் வாங்கியதை விரலால் நசுக்கினால் உதிராமல் அழிப்பான் ரப்பர்போல வளைந்தது. மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சிறு துண்டை நீரில் வேகவைத்து ஆறியபின், புண்ணுக்குத் தடவும் டிங்சர் அயோடினில் இரண்டொரு துளி விடுக. நீலம் பாய்ந்தால் மாவு கலந்தது. கொழுப்புக் கலப்படத்தை இவ்வாறு வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மேலும், மேனாட்டுப் பாற்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த 'ரென்னட்' என்னும் பொருளைச் சேர்ப்பது பழைய மரபு. இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய உறைபொருளே பெரிதும் வழங்குகிறது. மரக்கறி உணவினர் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எலுமிச்சையால் வீட்டில் திரட்டியதில் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

தக்காளி சுடுவதற்குச் சதைப்பற்றுள்ள நீள்வடிவக் காய்களே நல்லவை. நம் நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அரசு; ஆனால் அதில் சாறும் விதையும் மிகுதியாதலால் சுட்டால் ஒன்றும் மிஞ்சாது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர்தான். சுடுவதென்பது அந்த நீரைப் போக்கி, எஞ்சிய இனிப்பையும் புளிப்பையும் செறிவாக்கும் வேலை. விளிம்பு கருகும்போது எழும் மணம் அதற்கு மேற்பட்ட வரவு. செந்நிறம் தரும் லைக்கோப்பீன் என்னும் பொருளும், எண்ணெயோடு சூடுபட்டால் உடலில் எளிதாகச் சேர்கிறது.

மின்சாரச் சூட்டடுப்பு உள்ளவர்கள் தக்காளியை நீளவாக்கில் இரண்டாக அரிந்து, வெட்டுப்புறம் மேல்நோக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடித் தட்டில் அடுக்குக. அலுமினியத் தட்டு வேண்டாம். புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். உப்பு, மிளகு, தட்டிய பூண்டு நான்கு பல், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் இவற்றைத் தூவி, 160 பாகையில் ஒன்றேகால் மணி நேரம் வைக்கலாம். அவசரமானால் 200 பாகையில் நாற்பது நிமிடம். சிறிய அடுப்புகளில் சூடு ஒரே சீராகப் பரவாதாகையால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

சூட்டடுப்பு இல்லாதவர்கள் இரும்புக் கல்லில் எண்ணெய் தடவி, வெட்டுப்புறம் கீழே இருக்க வைத்து, சிறுதீயில் பன்னிரண்டு நிமிடம் அசைக்காமல் விட்டு, பின்பு திருப்பி ஐந்து நிமிடம் வாட்டலாம். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: தோசைக்கல்லை இதற்கு எடுக்க வேண்டாம். தக்காளியின் புளிப்பு, நாட்பட்டுப் பழகிய கல்லின் எண்ணெய்ப் படிவை அரித்துவிடும். மறுநாள் தோசை எழும்பாது. பீகார் நண்பர்கள் சோக்கா செய்யும்போது தக்காளியையும் கத்தரிக்காயையும் நேரே கனலில் சுடுகிறார்கள். கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு பிசையும் நமக்கும் அது புரியாத வித்தை அன்று.

ஒலிவ எண்ணெய் விலை மிகுந்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இதற்கு வெகு பொருத்தம் என்பது என் அனுபவம். தொக்கை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கொல்கத்தாவில் வாழ்வோர் கடுகெண்ணெயில் செய்து பார்க்கலாம். தேங்காயெண்ணெய் இங்கே ஒட்டாது. பூண்டு சேர்க்காதவர்கள் சிட்டிகைப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்து ஊற்றுக. மேலே தூவ இத்தாலியர் பயன்படுத்தும் தழை 'பேசில்'. பெயர் புதிதாயினும் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை அந்த இனந்தான். அதன் விதையே, ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா. நம் செடியின் மணம் சற்றுக் காரமாதலால் இரண்டு இலை போதும்.

ரொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல்நாள் ரொட்டியே சிறந்தது. புதிய ரொட்டி ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். மும்பை நேயர்கள் பாவ் ரொட்டியைக் குறுக்கே அரிந்து வாட்டலாம். அகமதாபாதில் இருப்போர்க்குக் காக்ரா ஆயத்தமாகவே கிடைக்கிறது. துண்டுகளாக ஒடித்தால் போதும். தில்லியில் குல்சாவையும் நன்றாக முறுகவிட்டுப் பயன்படுத்தலாம். அரை விரற்கடைத் தடிப்பில், இருபுறமும் பொன்னிறமாக வாட்டிய துண்டில், முதலில் பாற்கட்டியைத் தாராளமாகத் தடவி, அதன்மேல் தக்காளியை வைத்து, தட்டில் தேங்கிய எண்ணெய்ச் சாற்றில் சில துளி விடுக. பாற்கட்டி குளிர்ந்தும் தக்காளி வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது உண்பதே சுவை. பல் இல்லாதவர்களுக்கு, ரொட்டியின் மேற்பொருக்கை நீக்கி, தக்காளியின் தோலை உரித்துவிட்டுக் கொடுக்கலாம்.

இவற்றைச் சேமிக்கும் முறை குறித்து இரண்டு வார்த்தை. பாற்கட்டி குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் எறிந்துவிட வேண்டும். சுட்ட தக்காளியை எண்ணெயோடு புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரையில் வைக்கலாம். ஊறுகாயைப்போல இதையும் அலமாரியில் வைத்துவிடக் கூடாது. ஊறுகாயைக் காப்பது அதன் மிகுந்த உப்பும் புளிப்பும். இதில் அவ்வளவு உப்பில்லை. எண்ணெய்க்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும் பூண்டில், வாடையும் நிறமும் மாறாமலே கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து கிலோ சுட்டுவிட்டவர்கள், பூண்டு சேர்க்காமல் உறைபெட்டியில் வைத்தால் ஆடி மாதத்து விலையேற்றம் வரையிலும் அது உதவும்.

விருந்தினர் மாலை ஆறு மணிக்கு வருவதாக இருந்தால், நான்கரைக்குத் தக்காளியைச் சூட்டடுப்பில் வைத்துவிட்டுப் பாலை அடுப்பேற்றுக. ஐந்தரைக்குள் பாற்கட்டி பிசைந்து முடிந்திருக்கும். ரொட்டியை மட்டும் வாயில்மணி ஒலித்தபின் வாட்டினால் போதும்.